நகரக் கூடாத புள்ளி

ஜெகதீசனுக்கு வாய் சும்மா இருக்காது. கோபம் வந்தால் ஒரு சபதம், சந்தோஷம் வந்தால் ஒரு சபதம். அப்படி விட்ட இரண்டு சபதங்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்து நின்றுவிட்டன. என்ன செய்வார் மனிதர்?

முதல் சபதம் தங்கை கல்யாணி மேல். அவள் தன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அண்ணனை நேரில் வந்து அழைக்காமல் வாட்ஸ்அப்பில் அழைத்துவிட்டாள். அன்றிலிருந்து, "அவளா வந்து என் கையப் புடிச்சிக் கூப்புட்டாத்தான் அவ விசேஷத்துல கால் வெப்பேன்" என்று இருக்கிறார். போன வாரம் கல்யாணி தன் மகள் திவ்யாவின் கல்யாணப் பத்திரிகையோடு செங்கல்பட்டுக்கு நேரில்தான் வந்தாள். ஆனால் ஜெகதீசன் வேனில் லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்த நேரமாகப் பார்த்து வந்தாள். அண்ணி அம்சா கையில் தட்டைக் கொடுத்தாள், போய்விட்டாள். "என் கைலயா குடுத்தா?" என்று அவர் முறுக்கிக்கொண்டார். ஆனாலும் தாய்மாமன் சீர் இல்லாமல் கல்யாணம் ஆகுமா? சீரோடு வருவேன், கேட்டுக்கு வெளியிலேயே நிற்பேன் என்று ஒரு மாதிரி இறங்கி வந்திருக்கிறார்.

இரண்டாவது சபதம் மகள் ஜெயப்பிரியா மேல். சிறுசேரியில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, ஒரு வருஷமாக மாடி ரூமில் உட்கார்ந்து ஒரு டைம்லைனைக் கட்டிக்கொண்டிருக்கிற பெண். "திவ்யா கல்யாணத்துல அது ஒழுங்கா ஓடட்டும், நான் வாயே தொறக்கல. ஓடலன்னா பெங்களூரு வேலைக்குப் போய்டணும்" என்றார். அவளும் வீம்புக்கு "சரி நைனா" என்று சொல்லிவிட்டாள். வேலை தருகிறோம் என்று எழுதியிருந்த பெங்களூர்க் கம்பெனிக்கு அவள் பதில் போட வேண்டிய கடைசி நாள் திங்கட்கிழமை. அதாவது நாளை.

அது என்ன டைம்லைன் என்று அம்சா கேட்ட மாதிரியே கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. மண்டபத்துப் பெரிய எல்.ஈ.டி. திரையில் மணமக்கள் பெயர் பறந்து வந்து நிற்கிறதல்லவா? எழுத்து எந்த நொடியில் எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு புள்ளி, எந்த நொடியில் எங்கே போய் நிற்க வேண்டும் என்று இன்னொரு புள்ளி. கீஃப்ரேம் என்பார்கள். நடுவில் உள்ள நகர்வை பிரவுசரே போட்டுக்கொள்ளும். அதற்கெல்லாம் வரிவரியாக கோடிங் எழுத வேண்டும். ஜெயா கட்டியிருப்பதில் கோடிங் வேண்டாம். நீளமாக ஒரு கோடு இருக்கும். அதன் மேல் புள்ளிகளை மவுஸால் இழுத்து வைத்தால் திரையில் எல்லாம் அதன்படி ஆடும். சாயங்கால நிகழ்ச்சி முழுவதையும், பெண் அழைப்பு, மாமன் சீர், தாம்பூலத் தட்டு மாற்றுவது, ரிசப்ஷன் என்று அதே கோட்டில் வரிசையாக அடுக்கிவிடலாம்.

எல்.ஈ.டி. திரை வாடகைக்கு விடுகிறவன் அவள் அண்ணன் ரஞ்சித்குமார். இன்றைக்குத் திரை அவனுடையது, டைம்லைன் இவளுடையது. முதல் முறையாக நிஜமான ஒரு கல்யாணத்தில் ஓடப் போகிறது.

மண்டபம் திருவிடந்தையில், ஈ.சி.ஆர். ரோட்டை ஒட்டியே. மூன்று மணிக்கே ரஞ்சித்தும் ஜெயாவும் வந்துவிட்டார்கள். உப்புக் காற்றில் கனெக்டர் எல்லாம் பிசுபிசுத்துவிடும் என்று ரஞ்சித் திரைக்குப் பின்னால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான். சீர்த் தட்டுகளை எண்ணி அடுக்கிவிட்டு வந்த அம்சா, மகளின் லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள்.

"பொண்ணழைப்பு அஞ்சரைக்கா போட்டுக்கீற? யார்டி சொன்னது?"

"மாப்ள வூட்லேர்ந்து டைப் பண்ணி அனுப்ச்சாங்கம்மா. அப்படியே போட்டுட்டேன்."

"நல்லா போட்ட போ! ஞாயித்துக்கெழம ஆறு வரிக்கும் ராகு காலம். அதுல யாருனா பொண்ண அழைப்பாங்களா? அவுங்க எதையோ அனுப்ச்சாங்கன்னா உனக்கு எங்க போச்சு புத்தி? சொவுத்துல காலண்டர் தொங்குது இல்ல?"

ஜெயா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கம்ப்யூட்டரில் இத்தனை புள்ளி வைத்தவளுக்கு ராகு காலம் நினைவுக்கு வரவில்லை பாருங்கள்.

"தள்ளிட்டா போச்சு. இன்னாம்மா பெரிய விஷயம்?"

"இரு, நான் பண்றேன்!" என்று ரஞ்சித் துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். பெண் அழைப்புக்கான கட்டத்தைப் பிடித்து ஆறு மணிக்கு மேல் இழுத்து வைத்தான். பின்னால் இருந்த அத்தனை கட்டமும் அதனோடு சேர்ந்து வரிசையாக நகர்ந்தன. ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை, இடிக்கவில்லை.

இது ரஞ்சித் கேட்டு வாங்கிய வசதி. 'எந்தக் கல்யாணத்துல எல்லாம் நேரத்துக்கு நடந்துகீது? ஒண்ணு லேட்டானா நான் ஒவ்வொண்ணா தள்ளிகினு ஒக்காரணும். ஒண்ணத் தள்ளுனா மீதி தானா தள்ளணும்' என்று தங்கையைப் பிடுங்கி எடுத்துவிட்டான். அதை முடிக்க ஜெயாவுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

"சூப்பர் பாப்பா! முன்னெல்லாம் இதுக்கே எனக்கு உசுரு போவும்" என்று தங்கையின் தலையில் தட்டினான். அவளுக்கும் பூரிப்புத் தாங்கவில்லை. பாவம், வினையே அந்தப் பூரிப்பில்தான் ஒளிந்திருந்தது.

ஆறு மணிக்கு மேல் மேளம் முழங்கியது. திவ்யா உள்ளே நுழையவும், அவள் பெயர் திரையில் ஒவ்வொரு எழுத்தாக மலர்ந்து வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அடேயப்பா, எத்தனை கை போனைத் தூக்கிப் படம் எடுத்தது! "இத யாரு பண்ணது?" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி கேட்பது ஜெயாவின் காதில் விழுந்தது. அந்த ஒரு கேள்வியே ஒரு வருஷத்துக்குப் போதும் போல் இருந்தது அவளுக்கு.

திரையின் மூலையில் இன்னொன்றும் ஓடிக்கொண்டிருந்தது. தாம்பூலத் தட்டு மாற்ற இன்னும் எவ்வளவு நேரம் என்று இறங்குமுகமாக ஒரு கணக்கு. கல்யாணி அத்தைதான் ஆசையாகக் கேட்டிருந்தாள். ஏழு மணிக்குள் தட்டு மாற்றியாக வேண்டும், அதற்கு மேல் நேரம் சரியில்லை என்று ஜோசியர் கறாராகச் சொல்லியிருந்தார்.

திரையில் இன்னும் அரை மணிக்கு மேல் இருந்தது. ஐயர் அதைப் பார்த்தார், காபி குடிக்கப் போனார். மாப்பிள்ளையின் அப்பா அதைப் பார்த்தார், காஞ்சிபுரத்திலிருந்து வருகிற உறவுக்காரர்களை வரவேற்க ரோட்டுக்குப் போனார். கல்யாணி அதைப் பார்த்தாள், நாத்தனாருக்குச் சேலை மடிப்பு எடுத்துவிட உட்கார்ந்தாள். ஒவ்வொருவர் கையிலும் போன் இருந்தது, போனில் மணியும் இருந்தது. ஆனால் அவ்வளவு பெரிய திரை சொல்லும்போது சின்னத் திரையை யார் பார்ப்பார்கள்?

ஜெயா பார்த்தாள். அதுவும் தற்செயலாகத்தான். லேப்டாப்பின் ஓரத்தில் மணி ஆறு நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது.

ரஞ்சித் பெண் அழைப்பைத் தள்ளினானே, அப்போது பின்னால் இருந்ததெல்லாம் சேர்ந்து நகர்ந்ததே, அதில் தட்டு மாற்றும் நேரமும் நகர்ந்துவிட்டது! ரிசப்ஷன் நகரலாம். மாமன் சீர் நகரலாம். ஜோசியர் குறித்த நேரம் எப்படி நகரும்?

"அண்ணா! தட்டு மாத்தற நேரம் தப்பா ஓடுது. ஏழுக்குள்ள மாத்தணும். இங்க இன்னும் அர மணிக்கு மேல காட்டுது!"

ரஞ்சித்துக்கு முகம் வெளுத்தது. ஆனால் தொழிலில் பழகியவன், உடனே சமாளித்தான். "கத்தாத. புள்ளிய நைசா முன்னால இழுத்து வுட்ரு. யாருக்குத் தெரியப் போவுது?"

"ஐயர் எங்கண்ணா? மாப்ள அப்பா எங்க? நைனா கேட்டாண்ட நின்னுகினு கீறாரு. நான் இழுத்துட்டா அவுங்கல்லாம் வந்துடுவாங்களா?"

"அப்ப இன்னாதான் பண்றது?"

தப்பு என்று வெளியே சொன்னால் எல்லாம் முடிந்தது. அப்பாவிடம் கொடுத்த வாக்கு, நாளைக்கு பெங்களூருக்குப் போட வேண்டிய பதில், ஒரு வருஷ உழைப்பு, எல்லாம். சொல்லாமல் இருந்தால்? திவ்யாவின் நிச்சயம் நேரம் தப்பி நடக்கும். நாளைக்கு அந்த வீட்டில் ஒரு தலைவலி வந்தாலும் அதற்கு இதைத்தான் காரணம் சொல்வார்கள். ஜெயாவுக்கு ஜோசியத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் திவ்யாவுக்கு உண்டு, கல்யாணி அத்தைக்கு உண்டு. அவர்கள் நேரம் அது. அதை நகர்த்த இவள் யார்?

அவள் மேளக்காரர் பக்கத்தில் இருந்த மைக்கை எடுத்தாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. ஸ்க்ரீன்ல ஓடற நேரம் தப்பு. அத பண்ணது நான்தான், தப்பு என்னுது. தட்டு மாத்த இன்னும் பத்து நிமிஷம்தான் கீது. ஐயரு, ரெண்டு வூட்டுக்காரங்க, எல்லாரும் தயவு பண்ணி ஒடனே மேடைக்கு வாங்க."

அப்புறம் பார்க்க வேண்டுமே! ஐயர் காபி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஓடி வந்தார். "இன்னாடா இது பேஜாரு!" என்று யாரோ கத்தினார்கள். மாப்பிள்ளையின் அப்பாவைத் தேடி ரோட்டுக்கு ஆள் பறந்தது.

கல்யாணி எழுந்தாள். தாய்மாமன் எங்கே? அவளுக்குத் தெரியும் எங்கே என்று. சாயங்காலத்திலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவர் வந்து நிற்கட்டும் என்று இவளும், இவள் வந்து கூப்பிடட்டும் என்று அவரும். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்ததுதானே!

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் கேட்டை நோக்கி ஓடினாள்.

கேட்டில் ஜெகதீசன் பழத் தட்டோடு விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அம்சாவும், பின்னால் தட்டு ஏந்திய பெண்களும். "மைக்ல சொல்றா இல்ல, வாங்க உள்ள" என்று அம்சா கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவர் அசைகிற மாதிரி இல்லை.

"அண்ணாத்த! வா!"

"நீ கூப்புடாம நான் எப்டி..."

"கூப்புட்றேன்! இதோ கூப்புட்றேன், வா! பத்து தபா கூப்புட்றேன், வந்துகினே கேளு!" என்று கல்யாணி அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். தட்டிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழம் உருண்டு ஓடியது. யாரும் அதை எடுக்க நிற்கவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய அண்ணனும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடியதைப் பார்த்து அம்சாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

தட்டு மாற்றும்போது ஏழு மணி ஆகவில்லை. கொஞ்சம் மிச்சம்கூட இருந்தது என்று ஐயர் பிற்பாடு பெருமையாகச் சொன்னார்.

ரிசப்ஷன் ஆரம்பித்துவிட்டது. திரைக்குப் பக்கத்தில் ஜெயா தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். வேடிக்கை என்னவென்றால், அழுதுகொண்டேதான் அவள் கை வேலை செய்துகொண்டிருந்தது. சில புள்ளிகள் நகரலாம், சில புள்ளிகள் நகரவே கூடாது. நகரக் கூடாததற்கு ஒரு ஆணி அடித்துவிட்டால் என்ன? முன்னால் இருப்பது எவ்வளவு தள்ளினாலும் ஆணி அடித்தது இருந்த இடத்திலேயே நிற்கும். இடிக்க வந்தால் சிவப்பாகக் கத்தும். இது ஏன் ஒரு வருஷமாகத் தோன்றவில்லை என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. எழுதினாள். இழுத்துப் பார்த்தாள். நின்றது!

ஜெகதீசன் ஒரு தட்டில் ஜாங்கிரியும் மிக்சரும் எடுத்து வந்து அவள் பக்கத்தில் வைத்தார்.

அவளே ஆரம்பித்தாள். "நைனா, சொன்னது சொன்னதுதான். ஓடலன்னா பெங்களூருன்னு ஒத்துக்கினேன். ஓடல. நாளைக்கு மெயில் போட்டுட்றேன்."

அவர் பதில் சொல்லும் முன் ரஞ்சித் குறுக்கே வந்தான். முகம் சரியில்லை.

"பாப்பா, திட்டாத. ஒண்ணு சொல்லணும். மதுராந்தகத்துல ஆனந்தன் கீறான் இல்ல, அவனும் எல்.ஈ.டி. போட்றவன். நான் ஓட்டிக் காட்டனதப் பாத்து ஆசையா கேட்டான். மண்டபத்துல நெட்டு இருக்காதுன்னு பென் டிரைவ்ல காப்பி போட்டுக் குடுத்துட்டேன். நாளைக்குக் காலைல ஒரு முகூர்த்தத்துக்கு ஓட்டறான். உன்கிட்ட சொல்லவேணாம், ஓட்டிட்டு அப்பறம் சொல்லிக்கலாம்னு..."

"யாரக் கேட்டுக் குடுத்த?" என்று ஜெயா எகிறினாள். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா? கோபத்துக்கு அடியில் ஒரு குதியும் போட்டது மனசு. முகம் தெரியாத ஒருவன், யாரும் சிபாரிசு செய்யாமல், அவள் கட்டியதை ஆசைப்பட்டு வாங்கிப் போயிருக்கிறான்!

அடுத்த நிமிஷமே அந்தக் குதி அடங்கிவிட்டது. அவனிடம் இருப்பது ஆணி இல்லாத காப்பி. அங்கேயும் ஏதாவது ஒன்று தாமதமாகும், அவனும் இழுப்பான். தாலி கட்டும் நேரம் நகரும்.

"போன் போடுண்ணா!"

"போட்டுகினேதான் கீறேன். எடுக்க மாட்றான். செட்டு போட்டான்னா போன பையில வெச்சுட்டு மறந்துடுவான். மெசேஜும் பாக்கல."

ஜெயா லேப்டாப்பை மூடினாள். பஸ் கிடைக்குமா, திருக்கழுக்குன்றம் வரைக்குமாவது போக முடியுமா என்று யோசித்தாள். ஜெகதீசன் இடுப்பில் செருகியிருந்த வேன் சாவியை எடுத்தார்.

"எந்த மண்டபம்டா?"

"ஏரிக்கரையாண்ட நைனா."

"எழுந்துரு ஜெயா."

கேட்டை எட்டுவதற்குள் அவர்களைக் கல்யாணி மடக்கிவிட்டாள். "எங்க போற அண்ணாத்த? இப்பத்தான வந்த! விடிஞ்சா முகூர்த்தம்!"

விஷயத்தைச் சொன்னார். "யாரோ ஒருத்தன் வூட்டுத் தாலி கட்ற நேரம் நம்ம பொண்ணால தப்பக் கூடாது கல்யாணி. சரி பண்ண காப்பிய கைல வெச்சிகினே சும்மா இருக்க முடியுமா?"

"மொத்தம் அஞ்சு மணி நேரம் ஆவும் போய் வர. தாய்மாமன் நீ இல்லன்னா எம்பொண்ணு மணவறைல ஒக்காராது, பாத்துக்கோ."

"வந்துடுவேன். நான் மட்டும் விடியறதுக்குள்ள வரலன்னா..."

"சபதம் எதும் வுடாதீங்க, போய்ட்டு வாங்க!" என்று அம்சா பின்னாலிருந்து கத்தினாள்.

வேன் ஈ.சி.ஆரில் ஏறியது. நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலையின் விளக்குகள் பின்னால் போயின. ஜெயா ஆனந்தனின் எண்ணை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டே வந்தாள். மணி அடித்தது, அடித்தது, நின்றது.

"அந்த மைக்ல," என்றார் ஜெகதீசன், ரோட்டைப் பார்த்தபடியே. "தப்பு என்னுதுன்னு சொன்னியே. அத்தினி பேர் எதிர்ல. நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

ஜெயா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"பெங்களூருக்கு எப்ப பதில் போடணும்?"

"நாளைக்கு, நைனா."

"இப்பவே போட்ரு."

போனைத் திறந்தாள். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. "இன்னான்னு போட்றது?"

ஜெகதீசன் கியரை மாற்றினார்.

"வர முடியாது, கைல வேல கீதுன்னு போடு."